கையெழுத்துக்கு முன் டிரைகேர் கணக்கைப் பாருங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருப்பவரோடு நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்தால், பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு அன்றைக்கே போய்விடும். மாதக் கடைசி வரைக்குமாவது இருக்கும் என்று நினைக்காதீர்கள். விவாகரத்து இறுதியாகும் தேதி எதுவோ, அந்தத் தேதி பிறந்த நள்ளிரவு 12:01 மணியிலிருந்து, ராணுவக் குடும்பங்களுக்கான காப்பீடான டிரைகேர் கிடையாது. நீதிபதி பகல் பதினொரு மணிக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார் என்றாலும், அன்று காலை எட்டு மணிக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட ரத்தப் பரிசோதனைக்கும் காப்பீடு இல்லை.

நான் இருப்பது டெக்சாஸில், சான் அன்டோனியோவில். ஊரைச் சுற்றி ராணுவத் தளங்கள். தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது யூனிஃபார்ம் போட்டவர்கள், அல்லது போட்டு ஓய்வு பெற்றவர்கள். நான் மருத்துவமனை பில்லிங் பிரிவில் வேலை பார்ப்பதால், காப்பீடு சம்பந்தமாக நம் தமிழ்ப் பெண்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். விவாகரத்து விஷயம் என்றால் வீடு யாருக்கு, கார் யாருக்கு, பிள்ளைகள் எந்த வாரம் யாரிடம், பென்ஷனில் எவ்வளவு என்று எல்லாவற்றையும் வக்கீலிடம் பேசி முடித்திருப்பார்கள். "இன்ஷூரன்ஸ் என்னக்கா ஆகும்?" என்ற கேள்வி மட்டும் தீர்ப்பு வந்த பிறகுதான் வரும். அதற்குள் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வைப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"நம்மவர்கள் யார் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார்கள்?" என்று ஊரில் இருந்து படிப்பவர்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சேருகிறார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் சேருகிறார்கள். 2009-இல் 'மாவ்னி' என்று ஒரு திட்டம் வந்தது. கிரீன் கார்டு இல்லாமல், மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தவர்களையும் ராணுவத்துக்குத் தேவைப்பட்ட சில மொழிகள் தெரிந்திருந்தால் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ராணுவத்தில் சேர்ந்தால் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும் என்பதால் பலர் போனார்கள். சில ஆண்டுகளில் அந்த வாசல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதில் முதல் வருடமே சேர்ந்தவருக்குக்கூட 2029-இல்தான் இருபது வருட சேவை நிறைவாகும். இந்த இருபது என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இருபது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது. 1981-இல் மெக்கார்ட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராணுவ ஓய்வூதியம் சம்பாதித்தவருக்கே உரியது, விவாகரத்தில் மாநில நீதிமன்றங்கள் அதைப் பங்கு போட முடியாது என்று சொல்லிவிட்டது. அது பெண்களுக்குப் பேரிடியாக விழுந்தது. ராணுவக்காரர் மனைவியின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றம். அந்தக் காலத்தில் ஒரு மாநிலத்தில் வாங்கிய ஆசிரியர் லைசென்ஸ் அடுத்த மாநிலத்தில் செல்லாது. எங்கே போனாலும் புது ஆள். வேலையில் நிலைத்து நின்று, சொந்தமாக ஒரு பென்ஷனோ காப்பீடோ சேர்க்க வழியே இருந்திருக்காது. அவர் போர்முனைக்குப் போயிருக்கும்போது வீட்டைத் தனியாளாகக் கட்டி இழுத்ததும் அவள்தான். அப்படி ஐம்பது வயதில் வெளியே வந்தவளுக்குக் கையில் ஒன்றும் இல்லை என்றால் எப்படி? கொலராடோவைச் சேர்ந்த பாட் ஷ்ரோடர் போன்ற உறுப்பினர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1982-இல் முன்னாள் துணைவர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓய்வூதியத்தை மாநில நீதிமன்றங்கள் பங்கிடலாம் என்றதோடு, நீண்ட காலம் வாழ்ந்து பிரிந்தவர்களுக்கு ராணுவ மருத்துவ வசதியும் தொடரும் என்று அது சொன்னது. சட்டம் ஆண், பெண் இருவருக்கும் பொது. மனைவி ராணுவத்தில் இருந்து, பிரிந்து வரும் கணவருக்கும் இதே விதிகள்தான்.

அந்தத் தொடர்ச்சிக்குப் போட்ட நிபந்தனைதான் 20-20-20. ராணுவத்தில் இருந்தவர், அதாவது ஸ்பான்சர், ஓய்வூதியக் கணக்கில் சேரும் இருபது வருட சேவை முடித்திருக்க வேண்டும். திருமணம் இருபது வருடம் நீடித்திருக்க வேண்டும். அந்தத் திருமண வருடங்களும் சேவை வருடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருபது வருடம் பொருந்தி வர வேண்டும். மூன்றும் இருந்தால் டிரைகேர் ஆயுள் முழுக்க உண்டு. முதல் இரண்டும் இருந்து, பொருந்தி வரும் காலம் மட்டும் பதினைந்துக்கு மேல், இருபதுக்குக் குறைவு என்றால் அதற்கு 20-20-15 என்று பெயர். அதில் விவாகரத்து நாளிலிருந்து ஒரே ஒரு வருடம் டிரைகேர் கிடைக்கும். அதற்கும் கீழே என்றால் ஒன்றும் இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம், அதனால 15 விதியில வருவேன்" என்று சொல்வார்கள். வரமாட்டார்கள். அந்தப் பதினைந்து, பொருந்தி வரும் காலத்துக்கு மட்டும். திருமணம் அந்த விதியிலும் முழு இருபது வருடம் ஆகியிருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவர் ஜனவரி 2003-இல் ராணுவத்தில் சேர்கிறார். ஜூன் 2004-இல் திருச்சியில் திருமணம். பிப்ரவரி 2023-இல் இருபது வருடம் முடித்து ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு வீட்டில் ஒத்துவராமல், மார்ச் 2024-இல் விவாகரத்து இறுதியாகிறது. சேவை இருபது உண்டு. திருமணம் பத்தொன்பது வருடம் ஒன்பது மாதம். மனைவிக்கு டிரைகேர் ஒரு நாள்கூட இல்லை. அதே தீர்ப்பு மூன்று மாதம் கழித்து, ஜூன் கடைசியில் வந்திருந்தால் திருமணம் இருபதைத் தாண்டியிருக்கும். பொருந்தி வரும் காலம் பதினெட்டு வருடத்துக்கு மேல். ஒரு வருடம் டிரைகேர் கிடைத்திருக்கும். ஆனால் இவருக்கு ஆயுள் முழுவதற்குமான 20-20-20 எத்தனை வருடம் காத்திருந்தாலும் கிடைக்காது. ஏனென்றால் கணவர் ஓய்வு பெற்ற அன்றே பொருந்தி வரும் காலத்தின் கணக்கு நின்றுவிட்டது. திருமணத்துக்கு முன் ஓடிய அந்தப் பதினேழு மாதம் எந்த வகையிலும் திரும்பி வராது. அவர் ஜூன் 2024 வரை சேவையில் இருந்திருந்தால் கதையே வேறு.

சில மாதக் குறைவுதானே, மனு போட்டால் தளர்த்த மாட்டார்களா என்று கேட்பார்கள். தளர்த்த மாட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடமே வைக்கவில்லை. ஒரு வாரம் குறைந்தாலும் குறைவுதான். நீதிபதி தீர்ப்பிலேயே "மனைவிக்குக் கணவர் டிரைகேரைத் தொடர வேண்டும்" என்று எழுதினாலும் அது செல்லாது. கணவருக்குக் கட்டளையிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, டிரைகேரில் யாருக்குத் தகுதி என்று முடிவு செய்ய இல்லை. இதை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன். பத்தொன்பது வருடம் பதினோரு மாதம் ஊர் ஊராகக் கூடவே போன ஒருத்திக்குப் பூஜ்யம், இன்னும் ஒரு மாதம் சேர்த்து இருந்தவளுக்கு ஆயுள் முழுக்க என்பதை எந்த நியாயத்தால் விளக்குவது? ஓய்வூதியத்தைப் பங்கிடும்போது வருடக் கணக்குக்கு ஏற்ற விகிதம் போடத் தெரிகிறது. மருத்துவத்துக்கும் அப்படி ஒரு படிக்கட்டு வைத்திருக்கலாம். சட்டம் மாறும் வரை, விளிம்பில் நிற்பவர்கள் தேதியைப் பார்த்துத்தான் நகர வேண்டும்.

தேதியைப் பார்ப்பது என்றால் என்ன? பிரிந்து வாழ்வது வேறு, விவாகரத்து வேறு. தனித்தனி வீட்டில் இருந்தாலும், சட்டப்படி திருமணம் நீடிக்கும் வரை டிரைகேர் நீடிக்கும். பல மாநிலங்களில் 'லீகல் செபரேஷன்' என்று நீதிமன்றமே பிரிவை அங்கீகரிக்கும் முறை உண்டு. டெக்சாஸில் அது கிடையாது. இங்கே மனு போட்ட பிறகு பொதுவாக அறுபது நாள் காத்திருப்பு, அதன் பிறகு தீர்ப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரு தரப்பும் பேசி, தீர்ப்பு இறுதியாகும் நாளைத் தள்ளி வைத்துக்கொள்வதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. கோபத்தில் இருக்கும்போது "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, நிம்மதியாப் போறேன்" என்றுதான் தோன்றும். எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் புற்றுநோய் சிகிச்சையின் நடுவில் இருக்கிறார், இன்னொருவருக்கு இருபது வருடம் நிறைய நாலு மாதம்தான் பாக்கி என்றால், அந்த அவசரத்துக்கு விலை மிக அதிகம். அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

20-20-20-இல் வந்துவிட்டவர்கள் அதோடு எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்துவிடக் கூடாது. ராணுவத்தின் தகுதிப் பதிவேட்டுக்கு டீர்ஸ் என்று பெயர். இதுவரை கணவர் பெயரின் கீழ் இருந்த நீங்கள், இனி உங்கள் சொந்தப் பெயரிலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலும் அதில் பதிய வேண்டும். தளத்தில் இருக்கும் ஐடி கார்டு அலுவலகத்துக்குத் திருமணச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, கணவரின் சேவைக்கால அத்தாட்சி மூன்றையும் எடுத்துப் போக வேண்டும். அத்தாட்சி என்றால் ஓய்வு பெறும்போது கொடுக்கும் டிடி 214 என்ற படிவம், அல்லது சேவைக்கால விவரக் கடிதம். அதன் நகலை விவாகரத்துக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரிடம் கேட்டு வாங்குவது பாடு. ஊரில் நடந்த திருமணம் என்றால் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழ் வேண்டும். அது தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் தேவைப்படும். கோயிலில் தாலி கட்டிய வருடம் ஒன்று, பதிவு செய்த தேதி விசாவுக்காக வேறொன்று என்று நம் வீடுகளில் நிறைய உண்டு. இருபது வருடக் கணக்கில் அந்த வித்தியாசமே ஆளைக் கவிழ்த்துவிடும். சான்றிதழில் திருமணம் நடந்த நாள் என்ற இடத்தில் எந்தத் தேதி இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

இந்த ஆயுள் உரிமைக்கும் எல்லை உண்டு. மறுமணம் செய்துகொண்டால் போய்விடும், எந்த வயதானாலும். அந்த இரண்டாவது திருமணமும் முறிந்தாலோ, அவர் இறந்துவிட்டாலோகூட டிரைகேர் திரும்பி வராது. வேலை செய்யும் இடத்துக் காப்பீட்டில் சேர்ந்தாலும் டிரைகேர் தகுதி இருக்காது. ஆகவே புது வேலையில் முதல் நாள் நீட்டும் படிவங்களில் காப்பீட்டுக் கட்டத்தை யோசிக்காமல் டிக் செய்துவிடாதீர்கள். 65 வயதானதும், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் ஏ, பி இரண்டு பகுதிகளிலும் சேர வேண்டும். பி பகுதிக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமே என்று விட்டால் டிரைகேரும் நின்றுவிடும்.

சரி, இதற்குள் வராதவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களுக்கு என்ன வழி?

முதலில் நாள் கணக்கு. நீங்கள் வேலையில் இருந்து, அந்த நிறுவனம் காப்பீடு தருகிறது என்றால், டிரைகேர் போன நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எச்ஆரிடம் சொல்லிச் சேர வேண்டும். விட்டால் அடுத்த வருடச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். இது கிடைக்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், இதிலேயே சேருங்கள்.

வேலை இல்லை, அல்லது வேலையில் காப்பீடு இல்லை என்றால் இரண்டு வாசல். இரண்டுக்கும் அறுபது நாள்.

ஒன்று, ராணுவமே வைத்திருக்கும் தொடர் காப்பீட்டுத் திட்டம். சிஎச்சிபிபி என்று சுருக்கிச் சொல்வார்கள். ஹியூமானா மிலிட்டரி நிறுவனம் நடத்துகிறது. தனியார் வேலையை விட்டவர்கள் கோப்ரா என்று பழைய காப்பீட்டைச் சொந்தக் காசில் தொடர்வார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். டிடி 2837 என்ற படிவத்தோடு முதல் காலாண்டுப் பணத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முன்னாள் துணைவருக்கு 36 மாதம் வரை கிடைக்கும். டிரைகேர் செலக்ட் என்ற திட்டம் மாதிரியே இருக்கும், பெரும்பாலும் அதே டாக்டர்களிடம் தொடரலாம். விலைதான் தொண்டையை அடைக்கும். ஒருவருக்கே மூன்று மாதத்துக்கு 1,500 டாலருக்கு மேல். இதுவரை பிரீமியம் என்று ஒரு காசு கட்டாமல் வாழ்ந்தவருக்கு மாதம் ஐந்நூறுக்கு மேல் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் சிகிச்சை நடுவில் இருப்பவர்களுக்கும், டாக்டரை மாற்ற முடியாதவர்களுக்கும் அந்தப் பணம் தகும். 20-20-15-காரர்கள் தங்கள் ஒரு வருடம் முடிந்த பிறகு இதில் சேரலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். இந்த 36 மாதக் கெடு சிலருக்குக் கிடையாது. 55 வயதுக்கு முன் மறுமணம் செய்யாமல் இருந்து, கணவரின் ஓய்வூதியத்தில் ஒரு பங்கோ, அவர் இறந்தால் வரும் எஸ்பிபி என்ற குடும்ப ஓய்வூதியமோ உங்களுக்கு வருகிறது, அல்லது வரும்படி நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்றால், 36 மாதத்துக்குப் பிறகும் பணம் கட்டி இதே திட்டத்தில் தொடரலாம். 36 மாதம் முடியும் நேரத்தில் வேறெங்கோ போய்விடாமல் இதிலேயே இருந்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. ஆக, பதினெட்டு வருடத் திருமணத்தில் இருந்து வருபவருக்கு, ஓய்வூதியத்தில் சிறு பங்கு என்று தீர்ப்பில் இருக்கும் ஒரு வரி, பணத்தை மட்டும் தருவதில்லை. மெடிகேர் வயது வரை காப்பீட்டுக்கும் கதவைத் திறந்து வைக்கிறது. "பென்ஷன்ல பங்கு வேணாம், வீட்டைக் குடுத்துருங்க" என்று பேரம் பேசுகிறவர்கள் இதையும் தராசில் வைக்க வேண்டும்.

எஸ்பிபி-க்குத் தனியாக ஒரு கெடு இருக்கிறது. தீர்ப்பில் எழுதிவிட்டார்களே என்று விடக்கூடாது. கணவர் அதைப் பதிவு செய்யாமல் விட்டால், நீங்களே நேரடியாக ராணுவச் சம்பளக் கணக்கு அலுவலகமான டிஃபாஸுக்கு, டிடி 2656-10 படிவத்தோடு தீர்ப்பின் நகலை அனுப்பலாம். உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. அவர் செய்வார் என்று காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது வாசல், நாம் ஒபாமாகேர் என்று சொல்லும் மார்க்கெட்பிளேஸ். காப்பீடு பறிபோவதற்கு அறுபது நாள் முன்பும் விண்ணப்பிக்கலாம், அறுபது நாள் பின்பும் விண்ணப்பிக்கலாம். தீர்ப்புத் தேதி தெரிந்துவிட்டால் முன்பே போட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் புதுக் காப்பீடு பொதுவாக மாதத்தின் முதல் தேதிதான் தொடங்கும். தீர்ப்பு ஐந்தாம் தேதி வந்தால் மாத மிச்சம் முழுவதும் காப்பீடு இல்லாமல் நிற்பீர்கள், முப்பதாம் தேதி என்றால் ஓரிரு நாள்தான். தேதியை நிர்ணயிக்கும்போது வக்கீலிடம் மாதக் கடைசியாகக் கேளுங்கள். இன்னொன்று: முதலில் சிஎச்சிபிபி-இல் சேர்ந்து, நாலு மாதம் கழித்துக் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினால், அந்தக் காரணத்துக்காக மார்க்கெட்பிளேஸ் நடுவில் திறக்காது. நவம்பர் 1-இல் தொடங்கும் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டும்.

மார்க்கெட்பிளேஸில் வருமானத்துக்கு ஏற்ப மானியம் உண்டு. 2021 முதல் 2025 முடிய தாராளமாக்கி வைத்திருந்த கூடுதல் மானியத்துக்கு அந்த வருடக் கடைசி வரைதான் சட்டம் இருந்தது என்பதால், முன்பு யாரோ சொன்ன விலையை நம்பாமல் இப்போதைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். மானியத்துக்கு வருமானம் அதிகமாக இருந்தாலும் சிக்கல், டெக்சாஸ் மாதிரி மாநிலத்தில் குறைவாக இருந்தாலும் சிக்கல். கலிஃபோர்னியா, வர்ஜீனியா, 2023 டிசம்பர் முதல் வட கரோலினா எல்லாம் மெடிகெய்டு என்ற ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை விரிவாக்கிய மாநிலங்கள். அங்கே வருமானம் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் இருந்தால் மெடிகெய்டு கிடைக்கும், வருடத்தில் எந்த நாளும் விண்ணப்பிக்கலாம். டெக்சாஸும் ஃபுளோரிடாவும் விரிவாக்கவில்லை. இங்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஏழையானாலும் மெடிகெய்டு கிடைப்பது அரிது. மானியமோ வறுமைக்கோட்டைத் தொட்டால்தான். 2025-இல் அந்தக் கோடு ஒருவருக்கு வருடம் 15,650 டாலர்.

இதில் விவாகரத்தானவர்கள் விழும் ஒரு குழி இருக்கிறது. 2018-க்குப் பிறகு முடிந்த விவாகரத்துகளில் ஜீவனாம்சம் வாங்குபவரின் வருமானமாகக் கணக்கில் வராது. பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையும் வராது. மாதம் இரண்டாயிரம் டாலர் ஜீவனாம்சத்தில் வாழும் பெண்ணுக்கு, அரசாங்கக் கணக்கில் வருமானம் பூஜ்யம். பூஜ்யம் என்றால் டெக்சாஸில் மானியமும் இல்லை, மெடிகெய்டும் இல்லை. அதே இரண்டாயிரம் ராணுவ ஓய்வூதியத்தின் பங்காக வந்தால் அது வரிக்கு உட்பட்ட வருமானம், மானியத்துக்குத் தகுதி வந்துவிடும். ஒரே பணம், எந்தப் பெயரில் வருகிறது என்பதில் காப்பீடே மாறுகிறது. பகுதிநேர வேலை ஒன்று கோட்டைத் தாண்ட வைக்கும் என்றால் அதுவும் வழிதான். எதுவும் அமையாத காலத்துக்கு, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்கள் எல்லா மாநிலத்திலும் உண்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை நிறுத்தாமல் அங்கேயாவது போங்கள். டிரைகேர் இருக்கும்போதே தபால் மருந்தகத்தில் 90 நாள் மருந்தை வாங்கி வைத்துக்கொள்ளவும் தவறாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பெற்ற பிள்ளைகளுக்கும் தத்தெடுத்த பிள்ளைகளுக்கும் விவாகரத்தால் ஒன்றும் போகாது. 21 வரை, முழுநேரம் படித்தால் 23 வரை டிரைகேர் தொடரும். அதன் பிறகு 26 வரை பணம் கட்டித் தொடரலாம். உங்கள் முதல் திருமணத்துப் பிள்ளையை இவர் தத்தெடுக்காமலே வளர்த்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டும் உங்களோடு சேர்ந்து நின்றுவிடும்.

எங்கள் கவுண்டரில் அடிக்கடி பார்ப்பதை ஒன்று சொல்ல வேண்டும். கார்டை வாங்கி ஸ்கேன் செய்வேன். திரையில் பச்சை, தகுதி உண்டு என்று வரும். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. ஆனால் பேச்சுவாக்கில் விவாகரத்து போன மாதமே முடிந்துவிட்டது என்று தெரியவரும். கணவர் டீர்ஸில் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். "கார்டு வேலை செய்யுதே, அப்ப இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று நம்பிக்கையோடு கேட்பார்கள். இல்லை. பதிவேடு பின்னால் திருத்தப்படும்போது பழைய தேதியிலேயே திருத்துவார்கள். நடுவில் கொடுத்த பணத்தையெல்லாம் டிரைகேர் திரும்பக் கேட்கும். ஒரு எம்ஆர்ஐ, ஒரு எமர்ஜென்சி என்றால் சில ஆயிரம் டாலர் கடிதமாக வந்து விழும். அதைவிட மோசம், கார்டு வேலை செய்கிறதே என்ற நம்பிக்கையில் அந்த அறுபது நாளும் கரைந்திருக்கும். தீர்ப்பு வந்த அன்றே கார்டை உள்ளே வைத்துவிடுங்கள்.

அடிபட்டு வெளியே வருபவர்களுக்கு இந்த வருடக் கணக்கெல்லாம் இல்லாத வேறொரு வழி இருக்கிறது. மனைவியையோ பிள்ளையையோ துன்புறுத்திய குற்றத்துக்காக ஒருவர் ராணுவத்தில் இருந்து வெளியேற்றப்பட்டால், அவர் குடும்பத்துக்கு 12 முதல் 36 மாதம் வரை இடைக்கால நிவாரணத் தொகை உண்டு. அந்தக் காலம் முழுக்க டிரைகேரும் உண்டு. விவாகரத்து ஆகியிருந்தாலும் உண்டு. மறுமணம் செய்தாலோ, அவரோடு மறுபடி சேர்ந்து வாழ்ந்தாலோ நின்றுவிடும். இருபது வருடம் முடித்தவர் அந்தக் குற்றத்தால் ஓய்வூதியத்தையே இழந்தாலும், அதில் நீதிமன்றம் மனைவிக்குக் கொடுத்த பங்கை வாங்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அவர் வேலை போனால் நமக்கும் எல்லாம் போய்விடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் உண்டு என்று எனக்குத் தெரியும். தளத்தில் இருக்கும் குடும்ப ஆதரவு அலுவலகத்தில் பேசுங்கள்.

கடைசியாக, தளத்தில் இருக்கும் சட்ட உதவி அலுவலகம். விவாகரத்து வழக்கை அவர்கள் கோர்ட்டில் நடத்த மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன கணக்குகளை எல்லாம் உங்கள் தேதிகளை வைத்து இலவசமாகப் போட்டுச் சொல்வார்கள். கணவர் ஏற்கெனவே அந்த அலுவலகத்தில் ஆலோசனை கேட்டிருந்தால் உங்களைப் பார்க்க மாட்டார்கள், வேறொரு தளத்துக்கு அனுப்புவார்கள். அதனால் முதலில் போன் செய்யுங்கள். திருமணச் சான்றிதழ், அவர் சேவையில் சேர்ந்த தேதி, வக்கீல் எழுதிக் கொடுத்த ஒப்பந்த வரைவு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இவர்களைப் பார்க்க உங்கள் ராணுவ ஐடி கார்டு வேண்டும். விவாகரத்து முடிந்ததும் அந்தக் கார்டும் செல்லாது.